பிறந்தநாள் வாழ்த்தும் நண்பர் நகையாடலும்: பண்டை உரோமப் புலவர் வட்டங்கள் காட்டும் வரலாறு

தமிழ் இலக்கணம் பிறந்தநாளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. ஆனால் அவ்விடம் மன்னனுக்கு உரியது. தொல்காப்பியப் புறத்திணையியல், பாடாண் திணையின் துறைகளைத் தொகுத்துரைக்கும்போது, அரசன் தன் சினம் நீக்கிப் பிறந்தநாளில் மேற்கொள்ளும் பெருமங்கலத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என்னும். அந்நாளில் வேந்தன் வெண்ணிற அணி பூண்பதால் வெள்ளணி நாள் என்ற பெயரும் வழங்கிற்று. முதலாம் இராசராசனின் சதயமும், அவன் மைந்தன் இராசேந்திரனின் திருவாதிரையும் நாம் நன்கறிந்த பிறந்த விண்மீன்கள். ஐப்பசிச் சதயம் தஞ்சையில் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

இவையெல்லாம் பெருமைக்குரியவையே. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. கோலும் கொடையும் இல்லாத ஓர் எளிய தோழனின் பிறந்தநாளில், அவனுக்கு நிகரான மற்றொரு தோழன், வாழ்த்தும் கேலியும் கலந்து பாடுகின்ற நான்கு அடிகளுக்கு இலக்கியத்தில் என்ன இடம்? இலக்கிய வட்டங்களில் இத்தகைய பாடல்கள் ஆண்டுதோறும் பிறக்கின்றன, படிக்கப்படுகின்றன, சிரிப்பொலியோடு மறக்கப்படுகின்றன. எழுதியவரே அவற்றைத் தம் தொகுப்பில் சேர்ப்பதில்லை. ‘வேடிக்கைக்கு எழுதியது’ என்று ஒதுக்கிவிடுகிறார்.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு உதவும் சான்றுகள் நம்மிடமிருந்து தொலைவிலுள்ள ஓரிடத்தில், பண்டைக் கிரேக்க, உரோம உலகில், மிகுதியாகக் கிடைக்கின்றன. நம் முன்னோர் யவனர் என்று அழைத்த அம்மக்களின் மது சாடிகள் அரிக்கமேட்டிலும், காசுகள் கொங்கு நாட்டிலும் கிடைத்திருப்பதை அறிவோம். மிளகு வாங்கிச் சென்ற அவ்வுலகத்தில் புலவர்கள் ஒருவர்க்கொருவர் பிறந்தநாள் பாட்டு எழுதினர், கேலி செய்தனர், சில வேளைகளில் அதற்காக உயிரையும் பணயம் வைத்தனர். அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

தோட்டத்து நண்பர்கள்

கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸ், ஏதென்ஸ் நகரத்தில் ஒரு தோட்டத்தை வாங்கி, அதில் தம் நண்பர் குழுவை அமைத்தார். பெண்டிரும் அடிமைகளும்கூட அக்குழுவில் இடம்பெற்றனர் என்பது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தி. இறக்குமுன் அவர் எழுதிவைத்த விருப்ப ஆவணத்தைத் தயோஜினிஸ் லேர்ஷியஸ் என்ற பிற்கால வரலாற்றாசிரியர் தம் நூலின் பத்தாம் பகுதியில் முழுமையாகத் தந்துள்ளார். அதில் இரண்டு ஏற்பாடுகள் காணப்படுகின்றன. ஒன்று, ஆண்டுதோறும் கமேலியோன் மாதத்தின் பத்தாம் நாளில் தம் பிறந்தநாளைக் கொண்டாடுதல். மற்றொன்று, ஒவ்வொரு மாதமும் இருபதாம் நாளில் நண்பர்கள் கூடி, தம்மையும் தமக்குமுன் இறந்த தோழர் மெத்ரோதோரசையும் நினைவுகூர்தல்.

சிசரோ இதனை எள்ளி நகையாடினார். சாவு நமக்கு ஒரு பொருட்டே அன்று எனக் கற்பித்தவர், செத்தபின் தம் பிறந்தநாளைக் கொண்டாடச் சொல்வது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்டார். கேள்வி கூரியதுதான். ஆயினும் ‘இருபதாம் நாள்’ கூட்டங்கள் நின்றுவிடவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இத்தாலியில் அவை நடைபெற்றமைக்குப் பிலோதேமஸ் என்ற கவிஞர் எழுதிய ஓர் அழைப்புப் பாட்டு சான்று.

அவர் பாட்டால் அழைத்தது சாதாரண மனிதரை அன்று. கி.மு. 58இல் உரோமின் கான்சல் பதவி வகித்தவரும் சூலியஸ் சீசரின் மாமனாருமான பிசோ அவர். நாளை என் எளிய குடிசைக்கு விருந்துண்ண வரவேண்டும். உயர்ந்த ஊனும் உயர்ந்த மதுவும் அங்குக் கிடைக்கமாட்டா. ஆனால் உண்மைத் தோழர்களைக் காண்பீர், இனிய சொற்களைக் கேட்பீர் என்பது பாட்டின் கருத்து. இறுதியில் ஒரு குறும்பு: எம்பக்கம் உம் கண் சற்றே திரும்புமாயின், எம் மெலிந்த இருபதாம் நாள் கொழுத்த இருபதாம் நாளாகிவிடும் என்கிறார். புரவலரிடம் பொருள் வேண்டும் பாட்டுத்தான். ஆனால் கையேந்தும் குரல் அதில் இல்லை. வறுமையைச் சொல்லிச் சிரிக்கவும், செல்வரைச் சிரிக்கவைக்கவும் துணிந்த ஒரு நண்பனின் குரல் கேட்கிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதையுண்ட ஹெர்க்குலேனியம் நகரின் ஒரு மாளிகையில், 1750களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கருகிய பாப்பிரஸ் சுருள்களுள் மிகுதியானவை இந்தப் பிலோதேமஸ் எழுதியவை.

வெண்ணிற ஆடையும் தேனப்பமும்

உரோமரின் நம்பிக்கைப்படி ஒவ்வோர் ஆடவனுக்கும் அவனோடு பிறந்து அவனைக் காக்கும் தெய்வம் ஒன்றுண்டு. அதற்கு ஜீனியஸ் என்று பெயர். மகளிர்க்கு அது ஜூனோ. பிறந்தநாள் என்பது அத்தெய்வத்தின் விழா. மதுவும் நறும்புகையும் தேனப்பமும் படைப்பர். உயிர் கிடைத்த நாளில் பிற உயிரைப் போக்கலாகாது என்பதால் அன்று குருதிப் பலி கூடாது என்பது பழைய மரபு. பிறந்தநாள் கொண்டாடுபவர் வெண்ணிற ஆடை உடுத்துவர். நம் வெள்ளணி நாள் நினைவுக்கு வருகிறதல்லவா? வேறுபாடு ஒன்றே. இங்கே வெள்ளணி வேந்தனுக்கு உரியது. அங்கே குடிமகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஒருநாள் வெள்ளணி பூண்டான்.

இந்த வழக்கத்திலிருந்தே பிறந்தநாள் கவிதை என்ற வகை செழித்தது. ஹொரேஸ் தம் பாக்களின் நான்காம் நூலை அகஸ்டஸ் பேரரசரின் வற்புறுத்தலால் எழுதினார் என்று சூட்டோனியஸ் குறித்துள்ளார். அந்நூலில் தம் பழைய நண்பரும் புரவலருமான மெசீனஸின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது; அது அவருடைய பிறந்தநாள் பாட்டு. ஏப்ரல் மாத நடுநாளில் ஒன்பதாண்டுக்கு மேற்பட்ட பழைய மதுச் சாடியைத் திறக்க ஏற்பாடாகிறது. இந்நாள் எனக்கு என் சொந்தப் பிறந்தநாளைவிடவும் ஏறக்குறையப் புனிதமானது என்கிறார் கவிஞர். பேரரசர் கேட்டு எழுதிய நூலுக்குள் ஒரு நண்பனின் நாள் ஓசையின்றி இடம்பிடித்துக்கொண்டது.

அதே காலத்தில் மெசாலா என்பவரைச் சூழ்ந்து மற்றொரு புலவர் வட்டம் இருந்தது. அவ்வட்டத்தைச் சேர்ந்த திபுல்லஸ், மெசாலாவின் பிறந்தநாளுக்கும் கொர்னூட்டஸ் என்ற நண்பரின் பிறந்தநாளுக்கும் பாடியுள்ளார். அங்கே ஒரு பெண் கவிஞரும் இருந்தார். சல்பீசியா என்பது அவர் பெயர். அவருடையனவாகக் கருதப்படும் ஆறு சிறு பாடல்களுள் இரண்டு பிறந்தநாள் பற்றியவை. முதற்பாட்டில், வெறுப்பூட்டும் பிறந்தநாள் வந்துவிட்டது, காதலன் இல்லாத நாட்டுப்புறத்தில் அதைக் கழிக்கவேண்டுமாம் என்று சலித்துக்கொள்கிறார். தம்மைப் பயணத்துக்கு அழைத்த உறவினர் மெசாலாவை நோக்கி, என்மீது இத்தனை அக்கறை வேண்டாம், சற்றே ஓய்வெடும் என்று சீண்டுகிறார். அடுத்த பாட்டில் பயணம் நின்றுவிட்டது, உரோமிலேயே பிறந்தநாள். படைத்தலைவராய் விளங்கிய ஒரு பெரியவரிடம் இளம்பெண் ஒருத்தி இவ்வாறு பேச முடிந்தது என்றால், அதற்கு அவ்வட்டத்தின் இயல்பே காரணம் எனலாம்.

ஒரே புலவர், இருவகை வாழ்த்து

பிறந்தநாள் கேலியின் பெரும்புலவர் மார்ஷியல். ஸ்பெயின் நாட்டுப் பில்பிலிஸ் ஊரில் பிறந்து உரோமுக்கு வந்து, குறுங்கவிதைகளால் பன்னிரண்டு நூல்களை நிரப்பியவர். இவரிடம் இருவகைப் பிறந்தநாள் பாட்டுகளையும் அருகருகே வைத்துக் காணலாம்.

நான்காம் நூலின் முதற்பாட்டு தொமீஷியன் பேரரசனின் பிறந்தநாள் வாழ்த்து. நெடுங்காலம் வாழ்ந்த நெஸ்டரின் ஆண்டுகள் பேரரசனுக்குக் கிட்டுக என்கிறது. செம்மையான பாட்டுத்தான், ஆனால் அதில் சிரிப்பு இல்லை. இருக்கவும் இயலாது. கி.பி. 96இல் தொமீஷியன் தன் அரண்மனையிலேயே கொலையுண்டான். அவன் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து அகற்றுமாறு மேலவை ஆணையிட்டது. நெஸ்டரின் ஆண்டுகள் கிட்டவில்லை. வாழ்த்து மட்டும் பொருளற்று நின்றது.

இனி ஒன்பதாம் நூலில் குவின்டஸ் ஒவிடியஸ் என்ற நண்பருக்கு எழுதியவற்றைக் காண்போம். (இவர் பெருங்கவிஞர் ஒவிட் அல்லர், நொமென்டத்தில் மார்ஷியலின் நிலத்துக்கு அண்டையில் இருந்தவர்.) இந்த நண்பரின் பிறந்தநாள் ஏப்ரல் முதல் நாள்; மார்ஷியலின் பிறந்தநாள் மார்ச்சு முதல் நாள். இரண்டும் எனக்கு இனியவை. ஒன்று எனக்கு உயிரைத் தந்தது, மற்றொன்று ஒரு நண்பனைத் தந்தது. ஆகவே உன் நாளே எனக்கு மிகுதியாய்த் தந்தது என்பது ஒரு பாட்டின் கருத்து. இதைப் படித்து நெகிழும் வேளையில் அடுத்த பாட்டே கேலியாய் அமைகிறது. உன் பிறந்தநாளுக்குச் சிறு பரிசு தர நினைத்தேன், வேண்டாம் என்று தடுத்துவிட்டாய். உன் கட்டளையை மீறலாமா? ஆகவே நம் இருவர்க்கும் மகிழ்ச்சி தருவதைச் செய்வோம். குவின்டஸ், நீயே எனக்குப் பரிசு கொடு!

இந்தக் குவின்டஸ் யார் என்பதையும் மார்ஷியலே வேறிடத்தில் குறித்துள்ளார். நீரோ மன்னனால் நாடு கடத்தப்பட்ட ஒரு நண்பருக்குத் துணையாகக் கடல் கடந்து உடன்சென்றவர் அவர். அத்தகைய ஒருவரிடம்தான் ‘நீ எனக்குப் பரிசு கொடு’ என்று உரிமையோடு கேட்க முடியும்.

போலி நட்பைக் குத்திக்காட்டவும் மார்ஷியல் பிறந்தநாளையே கருவியாக்கினார். கிளைட்டஸ் என்பவன் பரிசு பெறுவதற்காக ஆண்டில் எட்டு முறை பிறந்தநாள் கொண்டாடுகிறான். இப்படியே போனால் இளமை மாறாத இவன் நெஸ்டரைவிடக் கிழவனாகிவிடுவான் என்று கணக்கிடும் புலவர், இன்னும் இதைத் தொடர்ந்தால் நீ ஒருமுறைகூடப் பிறக்கவில்லை என்றே கொள்வேன் என்று முடிக்கிறார். செக்ஸ்டஸ் என்பவனோ, பழகாத காலத்தில் பிறந்தநாள் விருந்துக்கு அழைத்தான்; நெடுநாள் பழகியபின் அழைப்பதை நிறுத்திவிட்டான். காரணம் எனக்குத் தெரியும், வெள்ளியும் புத்தாடையும் என்னிடமிருந்து வரவில்லை. நீ விருந்திடுவது நண்பர்களுக்கு அன்று, பரிசுகளுக்கு என்கிறார் புலவர்.

தம் பிறந்தநாளையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு வந்தபோது, இன்னும் பதினெட்டு ஆண்டுகள் கூட்டித்தருக, எழுபத்தைந்து போதும், அதற்குமேல் ஒருநாளும் கேளேன் என்று பேரம் பேசினார். அந்தப் பேரம் நிறைவேறவில்லை. ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். அவர் ஊர் செல்ல வழிச்செலவுக்குப் பொருள் தந்ததை இளைய பிளினி ஒரு மடலில் அன்போடு நினைவுகூர்கிறார்.

வாழ்த்தே குற்றமான காலம்

பிறந்தநாள் என்பது விருந்தும் விளையாட்டும் மட்டுமே என்று கருதுவோர் உரோம வரலாற்றின் இருண்ட பக்கங்களையும் காணவேண்டும். கி.பி. 8இல் நாடு கடத்தப்பட்டுக் கருங்கடற்கரைத் தோமிஸில் (இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டான்சா) வாழ்ந்த ஒவிட், தம் பிறந்தநாளையே நோக்கி, நீ ஏன் இங்கு வந்தாய், வெள்ளாடையையும் தேனப்பத்தையும் எதிர்பார்க்கிறாயா என்று கடிந்துகொண்டார். அவருக்கு மொழி இருந்தது, நாள் இருந்தது, வாழ்த்தவும் கேலி பேசவும் தோழர் அருகில் இல்லை. அதனால் நாளே பகையாயிற்று.

அரசியல் துணிவுக்கும் பிறந்தநாள் ஓர் அடையாளமாயிற்று. சீசரைக் கொன்றோரான புரூட்டஸ், காசியஸ் ஆகியோரின் பிறந்தநாள்களில் திராசியாவும் ஹெல்விடியசும் மாலை சூடி மது அருந்தியதை ஜுவனல் தம் ஐந்தாம் அங்கதப் பாட்டில் சுட்டுகிறார். திராசியா நீரோவின் ஆட்சியில், கி.பி. 66இல், தற்கொலை செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டார். ஹெல்விடியஸ் வெஸ்பாசியன் காலத்தில் கொல்லப்பட்டார். தொமீஷியன் காலத்தில் சால்வியஸ் கொக்கேயானஸ் என்பவர், தம் சிற்றப்பனாகிய மறைந்த பேரரசன் ஓத்தோவின் பிறந்தநாளைக் கொண்டாடிய குற்றத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். இறந்துபோன ஒருவரின் பிறந்தநாளை நினைப்பதே அரசனுக்கு அச்சமூட்டியிருக்கிறது. யாருடைய நாளை நினைக்கிறோம் என்பது யார் பக்கம் நிற்கிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது.

லூக்கனின் வரலாறு கவிஞர்கள் அறியவேண்டியது. நீரோவின் கட்டளையால் கி.பி. 65இல், இருபத்தைந்து வயதில், உயிர்நீத்த கவிஞர் அவர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், அவர் மனைவி போல்லா தம் கணவரின் பிறந்தநாளை நினைவுகூர்ந்தார். ஸ்டேஷியஸ் அதற்கென நெடும்பாட்டொன்று பாடினார். மார்ஷியல் மூன்று குறும்பாடல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று நீரோவை நேரே பழிக்கிறது. இறந்தநாளைத் தேர்ந்திருந்தால் அது கொன்றவனின் வெற்றியை நினைவூட்டியிருக்கும். பிறந்தநாளைத் தேர்ந்ததால் கவிஞனின் வருகையே நிலைத்தது. சீலியஸ் இத்தாலிக்கஸ் என்ற முதிய கவிஞரும் இவ்வாறே, தமக்குமுன் வாழ்ந்த வர்ஜிலின் பிறந்தநாளைத் தம் பிறந்தநாளைவிடச் சிறப்பாகக் கொண்டாடினார் என்கிறார் பிளினி.

சிறியன எஞ்சுதல்

இவை புகழ்பெற்றோர் செய்திகள். எளியோருடையதும் ஒன்றுண்டு. பிரித்தானியத் தீவின் வடக்கில், உரோமப் படையின் விண்டோலாண்டா என்ற கோட்டை இருந்த இடத்தில், 1985ஆம் ஆண்டில் ஒரு மெல்லிய மரப்பலகை மடல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 100இல் எழுதப்பட்டது. படைத்தலைவர் ஒருவரின் மனைவியான கிளாடியா செவெரா, மற்றொரு தலைவரின் மனைவியான சல்பீசியா லெப்பிடினாவைச் செப்டம்பர் 11ஆம் நாள் தம் பிறந்தநாளுக்கு வருமாறு அழைக்கிறார். மடலை எழுத்தர் எழுதினார். இறுதியில் உள்ள அன்புச் சொற்கள் சிலவற்றை மட்டும் செவெரா தம் கையாலேயே எழுதினார். தோழியைச் சகோதரி என்றே அழைக்கிறார். பெண்ணொருத்தி தன் கையால் இலத்தீன் மொழியில் எழுதி, நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. அக்கோட்டையின் படைநடை வெற்றிகள் பல மறைந்தன. ஒரு தோழியின் அழைப்பு எஞ்சியது.

கி.பி. 238இல் சென்சோரினஸ் என்ற அறிஞர், செல்வரான தம் நண்பர் செரேலியஸுக்குப் பொன்னோ வெள்ளியோ தராமல், பிறந்தநாள் பரிசாகவே ஒரு நூலை எழுதித் தந்தார். பிறப்பு, வயது, நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பற்றிய சிறு நூல் அது. எகிப்தியர் நாட்காட்டியில் சிரியஸ் விண்மீனின் உதயம் ஆண்டுப் பிறப்போடு ஒன்றிய காலத்தை அதில் அவர் குறித்துள்ளார். பண்டை எகிப்தின் கால வரிசையை ஆராய்ந்தோர்க்கு அக்குறிப்பு அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. நண்பனை மகிழ்விக்க எழுதியது நாகரிகம் ஒன்றின் காலத்தையே அளக்கும் கோலாயிற்று.

தொகுத்துநோக்கின், இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. புகழ்ச்சியை அச்சமும் பெற்றுத்தரும்; ஆசையும் பெற்றுத்தரும். ஆதலால் பிறந்தநாளில் ஒருவரைப் பலர் புகழ்ந்தனர் என்பது அவர்மீது அன்பு இருந்தமைக்குச் சான்றாகாது. கேலி அத்தகையதன்று. அதிகாரத்தின் முன் அது வாய்மூடிவிடும். கடன்பட்டவன் நாவில் அது எழாது. நிகரானவர்களாய் நின்று, ஒருவர் சொல்லை மற்றவர் தாங்கிக்கொள்வார் என்ற உறுதியுள்ள இடத்தில் மட்டுமே அது பிறக்கும். மார்ஷியலால் தொமீஷியனை வாழ்த்த முடிந்தது; குவின்டஸைத்தான் வாழ்த்தவும் முடிந்தது, சீண்டவும் முடிந்தது. ஒரு வட்டத்தில் நட்பு உயிரோடிருக்கிறதா என்பதை அளக்க அதன் உறுப்பினர் ஒருவரையொருவர் எப்படிக் கேலி செய்கின்றனர் என்பதைக் கேட்டால் போதும்.

பத்தாண்டு நிறைவு என்பது ஒரு வட்டத்தின் பிறந்தநாளே. நம் உரைகளும் ஆய்வுகளும் மலர்களில் இடம்பெறும், அவற்றுக்குக் குறைவில்லை. அவற்றோடு, உறுப்பினர் பிறந்தநாள்களில் பாடப்பட்ட வெண்பாக்களையும், அவற்றுக்கு மறுமொழியாக எழுந்த குறும்பு விருத்தங்களையும், எழுதியவர் பெயரும் நாளும் குறித்து ஓர் ஏட்டில் தொகுத்துவைத்தல் நலம். நாண்மங்கலத்துக்குத் துறை வகுத்த மொழியில், தோழனின் நாளுக்கும் ஒரு துறை வகுக்கும் உரிமை அத்தகைய பாடல்களைப் பாடுகின்ற புலவர்களுக்கே உண்டு. அதற்கு முதலில் பாடல்கள் அழியாமல் இருக்கவேண்டும்.